காசு கொடுத்து வாங்கிய ‘முடியாது’

வீட்டு ப்ளான் போட்டு அப்ரூவலுக்கு அனுப்பிக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடப்போவதில்லை. புகழ்ந்தால் விளம்பரம் என்பீர்கள். குறையும் கொஞ்சம் சொல்லப்போகிறேன், அதைப் பெயரோடு போட்டால் அந்த மனிதருக்குச் சங்கடம். ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே, செங்குத்தான படி. உள்ளே இரண்டு மேஜை, பெரிய பிரிண்டர் ஒன்று, ஆட்டோகேட் வரையும் ஒரு பெண், சுவரில் மூன்று வருடம் பழைய சிமென்ட் கம்பெனி காலண்டர். ஐந்துக்கு நான்கு மதிப்பெண். குறைத்த ஒரு மார்க்கின் கணக்கைப் பின்னால் சொல்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற சமூக அறிவியல் டீச்சர். சென்னைக்குத் தெற்கே ஒரு கிரவுண்டில் வீடு, 40க்கு 60. என் வீட்டுக்காரர் இருந்தபோது, 1997-ல் கட்டியது. மகளும் மருமகனும் வாடகை கொடுத்து மாளவில்லை என்று மேலே ஒரு தளம் எடுத்துக் குடிவரத் தீர்மானித்தார்கள். கொத்தனாரை வரவழைத்து மாடியைக் காட்டினேன். பத்து நாள்கூட ஆகவில்லை, உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. 1971-ம் வருட நகர் ஊரமைப்புச் சட்டத்தின் பிரிவு எண்கள், அனுமதி பெற்ற வரைபடத்தோடு விளக்கம் தரவேண்டிய தேதி, கூடவே புகாரின் நகல். புகார் கொடுத்தவர் பக்கத்து வீட்டு சார். போன தீபாவளிக்கு அதிரசம் கொடுத்து அனுப்பிய அதே வீடு.

புகாரில் நான்கு விஷயம். வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே உள்ள சந்துக்கு மேல் ஷீட் போட்டு மூடியிருக்கிறேன், அதனால் அவர் சுவர் ஊறுகிறது. என் முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி அவர் வீட்டுக்குள் வருகிறது. என் சமையலறை ஜன்னல் அவர்கள் படுக்கையறையைப் பார்த்தபடி இருக்கிறது. மாடி எழும்பினால் அவருக்கு வெளிச்சமும் காற்றும் போய்விடும்.

முதலில் போனது இந்த அலுவலகத்துக்கு இல்லை. பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேறொருவர். டேப்பும் கேட்கவில்லை, பேப்பரும் கேட்கவில்லை. “எல்லாம் பாத்துக்கலாம் மேடம், மேலே கொஞ்சம் ஆகும்” என்றார். மேலே என்றால் மாடி என்று நினைத்துக்கொண்டு, “ஆமாம், மேல் தளம்தான்” என்று நானும் தலையாட்டினேன். ஆட்டோவில் வரும்போதுதான் புரிந்தது. மறுநாள் மகளின் தோழி சொன்ன இடம்தான் இந்த ஹார்டுவேர் கடை மாடி.

இன்ஜினியருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பதிவுபெற்ற பொறியாளர் என்ற சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். நோட்டீஸை இரண்டு தடவை படித்தார். நான் பேச ஆரம்பித்தேன். என் பட்டா, என் கிரயப்பத்திரம், வருடம் தவறாமல் கட்டிய என் சொத்துவரி ரசீது, என் இடத்தில் நான் ஷீட் போட இவர் யார் என்று ஒரு பீரியட் முழுக்க எடுத்தேன். குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, “நிலம் உங்களுதுதான் டீச்சர். அந்த அஞ்சு அடியை வெறுமனே விடறேன்னு கையெழுத்துப் போட்டுத்தானே 97-ல வீடு கட்ட அனுமதி வாங்கினீங்க?” என்றார்.

எனக்கு வாயடைத்துப்போனது. பத்தாம் வகுப்புக்கு நானே வருடா வருடம் நடத்திய பாடம்தான். சொத்துரிமை அடிப்படை உரிமைகளில் ஒன்றாக இருந்தது. 1978-ல் 44-வது திருத்தம் அதை அங்கிருந்து எடுத்தது. இப்போது 300ஏ என்ற பிரிவில், சட்டத்தின் வழியே அல்லாமல் ஒருவர் சொத்தைப் பறிக்க முடியாது என்ற அளவில் இருக்கிறது. இரண்டு மார்க் கேள்வி. அந்தச் சட்டத்தின் வழிதான் செட்பேக் என்று, அதாவது கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய காலியிடம் என்று, என் வீட்டுச் சந்துக்குள் வந்து நிற்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

முதல் சந்திப்புக்கு ஆயிரம் ரூபாய் வாங்கினார். கேட்டது நான்கு பேப்பர்: பழைய அப்ரூவ்டு ப்ளான், பத்திரம், பட்டா, சர்வே துறையின் எஃப்எம்பி ஸ்கெட்ச் (மனையின் எல்லை அளவுகளைக் காட்டும் புல வரைபடம்). ப்ளான் மட்டும் பீரோவின் அடித்தட்டில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே கிடைத்தது. நீல நிறம் வெளுத்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. ஆனால் பேரூராட்சி முத்திரை தெளிவாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் ஐந்தைந்து அடி காலியிடம் என்று என் வீட்டுக்காரரின் கையெழுத்துக்கு மேலேயே எழுதியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அளக்க வந்தார், அந்தப் பெண்ணையும் ஒரு உதவியாளரையும் கூட்டிக்கொண்டு. இந்த அலுவலகத்துக்கு நான் கொடுக்கும் நான்கு மார்க்கில் மூன்று அந்த ஒரு காலைக்குத்தான். எஃப்எம்பியில் இருக்கும் மீட்டர் கணக்கை அடியாக்கி, மூலைக்கல்லைத் தேடினார். ஒரு கல் செம்பருத்திச் செடிக்கு அடியில் இருந்தது. இன்னொன்றைக் காணவில்லை, எதிர்மூலையிலிருந்து டேப் பிடித்து இடத்தைக் குறித்தார். ஐந்தடி என்று ப்ளானில் இருந்த சந்து நிஜத்தில் நாலடி எட்டங்குலம். அன்றைய கொத்தனாரின் கைங்கர்யம். அதன்மேல் நான் 2011-ல் போட்ட ஜிஐ ஷீட், இருபத்திரண்டு அடி நீளம். அதன் கீழே வாஷிங் மெஷின், போர் மோட்டார், கேஸ் சிலிண்டர், பழைய சைக்கிள்.

அப்புறம் அவர் செய்ததைத்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு மணியை அடித்து, “சார், உங்க சுவரைக் கொஞ்சம் பார்க்கலாமா?” என்று கேட்டார். நானும் அந்த சாரும் எட்டு மாதமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. உள்ளே விட்டார்கள். உதவியாளர் ஏணி போட்டு என் ஷீட்டின் மேல் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். ஷீட்டின் விளிம்பு காம்பவுண்டைத் தாண்டி இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் அப்படியே அந்தப் பக்கம் கொட்டியது. நானும் போய்ப் பார்த்தேன். சுவரில் பச்சை பிடித்த இடம் இருபத்திரண்டு அடிக்குத்தான் இருந்தது. ஷீட் முடிகிற இடத்தில் பாசியும் முடிந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. அந்த சாரும் “பாத்தீங்களா” என்று சொல்லவில்லை. அதற்கு அவரை மெச்ச வேண்டும்.

ஷீட் போட்டுப் பதினான்கு வருடம், இத்தனை நாள் யாரும் கேட்கவில்லையே என்றேன். வருடக்கணக்கில் நின்றதால் மட்டும் அனுமதியில்லாத கட்டுமானம் சரியாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில்கூடச் சொன்னதை எடுத்துச் சொன்னார். என் தம்பி மகன் வாட்ஸ்அப்பில் வேறொன்று அனுப்பியிருந்தான்: அதே வருடம் நவம்பரில், பதினைந்து நாள் நோட்டீஸ் இல்லாமல் வீட்டை இடிக்கக் கூடாது என்று வந்த தீர்ப்பு. அதையும் காட்டினேன். “இது உண்மைதான். எப்படி இடிக்கணும்னு சொல்ற தீர்ப்பு இது. வச்சுக்கலாம்னு சொல்ற தீர்ப்பு இல்ல” என்றார். சாலை, நடைபாதை போன்ற பொது இடத்தை மறித்தால் அந்தப் பாதுகாப்பும் கிடையாதாம்.

மற்ற மூன்று புகாரிலும் நான் ஜெயித்தேன். இல்லை, ஏறக்குறைய ஜெயித்தேன். முருங்கைக்கிளை அவர் எல்லைக்குள் நீட்டினால் அந்த அளவுக்கு அவர் வெட்டிக்கொள்ளலாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெட்டினால் நாகரிகம். மரமே கூடாது என்று சொல்ல முடியாது. ஜன்னல் என் சுவரில், என் காலியிடத்தைப் பார்த்துத்தான் இருக்கிறது, அனுமதி ப்ளானிலும் இருக்கிறது. அந்தரங்கம் என்று எதிர்த்து வழக்குப் போட வேண்டுமானால், எதிர்வீட்டுக்குள் தெரிகிற மாதிரி ஜன்னல் வைக்கக் கூடாது என்பது அந்த ஊரின் நெடுநாள் வழக்கம் என்று நிரூபிக்க வேண்டியிருக்குமாம். ஆனாலும் கீழ்ப் பாதிக்கு மங்கலான கண்ணாடி போடச் சொன்னார். போட்டேன், அறுநூறு ரூபாய்.

வெளிச்சத்துக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். 1882-ம் வருட வசதியுரிமைச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. ஒரு கட்டடத்துக்குள் வெளிச்சமும் காற்றும் இருபது வருடம் தடையில்லாமல், உரிமையாகவே வந்துகொண்டிருந்தால் அது அந்த வீட்டின் உரிமையாகிவிடும். அப்போதும் குறிப்பிடத்தக்க பாதிப்பு இருந்தால்தான் வழக்கு நிற்கும். பக்கத்து வீடு எழும்பியது 2011-ல். இருபது ஆகவில்லை. “இன்னும் ஆறேழு வருஷம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா இந்தப் பேச்சே வேற” என்றார். அன்றைக்கு ராத்திரி இதை நினைத்துத் தூக்கம் வரவில்லை. அவர் ஜன்னலுக்கு வரும் வெளிச்சம் இருபது வருடத்தில் அவர் சொத்தாகுமாம். என் ஷீட் நூறு வருடம் நின்றாலும் ஷீட்தானாம். முதலில் அநியாயமாகப் பட்டது. யோசிக்க யோசிக்க, வெளிச்சத்தை அவர் யாரிடமிருந்தும் ஒளித்துவைக்கவில்லை, நான்தான் மாடி கட்டும் வரை அந்த ஷீட் யார் கண்ணிலும் படக்கூடாது என்று பதினான்கு வருடம் வேண்டிக்கொண்டிருந்தேன் என்பது உறைத்தது.

ஆனால் நான் ஒன்றும் தியாகி இல்லை. அளக்கும்போது அந்தப் பெண் எங்கள் பக்கம் நின்றபடியே அவர் வீட்டுப் பக்கத்தையும் ஒரு கண் பார்த்துவிட்டாள். அவர் சந்தும் பார்க்கக் குறைவுதான், அவர் மாடி சன்ஷேடும் காம்பவுண்டை ஒட்டி நிற்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாமும் புகார் கொடுப்போம் என்றேன். இன்ஜினியர் மறுக்கவில்லை. “கொடுக்கலாம். எழுதித் தர ரெண்டாயிரத்து ஐநூறு. ரெண்டு பேர் வீட்டுக்கும் நோட்டீஸ் வரும். ரெண்டு பேரும் என்கிட்டதான் வருவீங்க, எனக்கு லாபம்தான். ஒரு வாரம் கழிச்சு சொல்லுங்க” என்றார். ஒரு வாரம் கழித்து எனக்கு வேண்டாம் என்று தோன்றிவிட்டது. அளவை மட்டும் டைரியில் குறித்து வைத்திருக்கிறேன்.

அக்கம்பக்கத்தார் புகாரை வெறும் வயிற்றெரிச்சல் என்று தள்ளிவிடவும் அவர் விடவில்லை. உடுப்பியில் ஒரு கல்யாண மண்டபத்தைச் சினிமா கொட்டகையாக மாற்ற நகராட்சி அனுமதி கொடுத்ததையும், குடியிருப்புப் பகுதியில் அது கூடாது என்று அங்கே வசித்த ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போய் 1974-ல் ஜெயித்ததையும் கதையாகச் சொன்னார். விதி என்பது அதிகாரிக்கும் எனக்கும் நடுவில் மட்டும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதில் பங்கு இருக்கிறது என்று அந்த வழக்கு சொல்கிறதாம். வக்கீல் இல்லாத ஒருவர் வாயிலிருந்து வழக்கு வருவதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. பாதி ப்ளான்காரர்களுக்கு விதியின் பெயரே சரியாகத் தெரியாது. இவர் 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளை ஸ்பைரல் போட்டு மேஜையிலேயே வைத்திருக்கிறார். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு.

சுயசான்று முறையில் சட்டென்று அனுமதி கிடைக்கும் என்று மருமகன் சொன்னார். 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. கொண்டுவந்தபோது இருந்த விதிப்படி, 2,500 சதுர அடி வரை உள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் உள்ள குடியிருப்புக்கு, உயரம் 7 மீட்டருக்கு மிகாமல் இருந்தால், உரிமையாளரே உறுதி கொடுத்து ஆன்லைனில் உடனே அனுமதி பெறலாம். நல்ல திட்டம், எங்கள் தெருவிலேயே ஒருவர் அப்படிக் கட்டியிருக்கிறார். எங்கள் அளவும் அதற்குள்தான் அடங்கும். ஆனால் இன்ஜினியர் எனக்கு அது வேண்டாம் என்றார். பழைய வீட்டுக்கு மேல் எடுக்கிறோம், தலைக்கு மேல் புகார் வேறு இருக்கிறது. “சுயசான்றுல எல்லாம் சரியா இருக்குன்னு உங்க கையெழுத்துதான் சொல்லும். வழக்கமான வழியில போனா அதிகாரி வந்து நேர்ல பார்த்து அவர் கையெழுத்துப் போடுவார். நாளைக்கு மறுபடி புகார் வந்தா எந்தக் கையெழுத்து உங்களுக்குத் தெம்பு?” கொஞ்சம் தாமதமானாலும் அந்த வழியிலேயே போனோம். அதற்கு முன்னால் ஷீட்டைக் கழற்றினால்தான் ப்ளானே வரைவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். போட்டோவில் தெரியாமல் வரைந்துவிடலாமே என்று என் வாயால் கேட்டேன், டீச்சர் நான். “முடியாது டீச்சர்” என்றார். அவ்வளவுதான்.

இனி கணக்கு. அளந்து, இருப்பதை இருக்கிறபடி வரைந்து கொடுக்க 6,500. நோட்டீஸுக்குப் பதில் எழுத 2,500. ஒரு பக்கம்தான், ஆனால் அழகாக எழுதினார், கெஞ்சலும் இல்லை திமிரும் இல்லை. ஷீட்டை இத்தனாம் தேதிக்குள் எடுத்துவிடுகிறேன், மற்ற மூன்றுக்கும் இன்னின்ன ஆதாரம் என்று. புது ப்ளானும் அனுப்பும் வேலையும் 28,000. அரசுக் கட்டணம் தனி. ரசீது ஆன்லைனிலேயே வந்துவிடுகிறது.

குறை இங்கேதான். பழைய அஸ்திவாரம் மாடியைத் தாங்குமா என்று பார்த்துக் கையெழுத்துப் போட ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் வேண்டும். அவருக்குத் தனியாக 9,000. அதை 28,000-க்குள் என்று நினைத்திருந்தேன். முதல் நாளே சொல்லியிருக்கலாம். கேட்டதற்கு “சொன்னேனே” என்றார். சொல்லவில்லை. நான் முப்பத்திரண்டு வருடம் வருகைப் பதிவேடு வைத்தவள், சொன்னால் எனக்கு நினைவிருக்கும். மூன்று வாரம் என்றது ஏழு வாரமானது. போனை எடுக்கவே மாட்டார்; வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. முதல் வரைபடத்தில் மாடிப்படி திசை மாறி, என் மாமனார் பெயரில் ஒரு எழுத்தும் மாறி வந்தது. அந்தப் பெண் உடனே திருத்திக் கொடுத்தாள். நியாயமாகப் பார்த்தால் அந்த அலுவலகத்தை ஓட்டுவதே அவள்தான்.

மழைநீர்க் குழியையும் சொல்ல வேண்டும். 2003-லேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கியது, எங்கள் வீட்டிலும் குழி இருக்கிறது, ஆனால் மண் மூடிப்போய்ப் பல வருடம். ஷீட்டை எடுத்ததும் அந்தச் சந்திலேயே குழியைத் தோண்டிச் சுத்தம் செய்து ஜல்லியும் மணலும் போடவைத்தார். ஐப்பசி மழையில் பார்த்தேன், மாடித் தண்ணீர் எல்லாம் அதற்குள் போகிறது.

வாஷிங் மெஷின் இப்போது பின்கட்டில் இருக்கிறது. ஷீட்டைக் கழற்றிய அன்று பக்கத்து வீட்டு சார் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஷீட் இறங்கியதும், “டீச்சர், இதையெல்லாம் பழைய இரும்புக்கா போடப்போறீங்க? நல்லா இருக்கே, நான் எடுத்துக்கட்டுமா?” என்றார். எங்கே போடப்போகிறீர்கள் என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. இன்ஜினியர் நம்பரை மட்டும் கொடுத்தேன்.

அதிகாரி வந்து அளந்து பார்த்துவிட்டுப் போனார், அனுமதி வந்துவிட்டது. தை பிறந்ததும் வேலை ஆரம்பம்.

நீங்கள் போவதாக இருந்தால் காலையில் பத்தரைக்கு முன்னால் போங்கள், அப்புறம் அவர் சைட்டுக்குக் கிளம்பிவிடுவார். மொத்தம் எவ்வளவு, யார் யாருக்கு என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் எழுதிக் கொடுப்பார். பழைய ப்ளானை மட்டும் ஜெராக்ஸ் கொடுங்கள். என் ஒரிஜினலைத் திரும்ப வாங்க அந்தச் செங்குத்துப் படியை மூன்று தடவை ஏறினேன், முழங்கால் இன்னும் சரியாகவில்லை.